கடுக்காய்க் காலம்

வீடு கட்டுவதென்றால் ஒரு காலத்தில் முக்கால்வாசி நேரம் சும்மா உட்கார்ந்திருப்பதுதான். சுண்ணாம்பு நீறட்டும் என்று உட்கார்ந்திருப்போம், செங்கல் சூளை பிரியட்டும் என்று உட்கார்ந்திருப்போம், சிமென்ட்டுக்குத் தாலுகா ஆபீஸிலிருந்து பர்மிட் வரட்டும், மழை விடட்டும், கொத்தனார் தன் மகள் கல்யாணத்தை முடித்துவிட்டு வரட்டும், தளம் இறுகட்டும் என்று உட்கார்ந்தே இருந்து, ஒருவழியாகக் கிரகப்பிரவேசத்துக்கு நாள் பார்க்கும்போது அப்பாவின் மீசை நரைத்திருக்கும், கடைக்கால் போட்டபோது தொட்டிலில் கிடந்த பிள்ளை ஹோம குண்டத்தைச் சுற்றி ஓடிப் புரோகிதரிடம் திட்டு வாங்கும். இப்போது அப்படியில்லை. பத்திரிகை விளம்பரத்தில் பார்த்த பதினான்கு மாடி, நாம் முன்பணம் கட்டிய ரசீதைப் பத்திரப்படுத்துவதற்குள் எழுந்து நின்றுவிடுகிறது. உட்காரும் வேலை ஒழிந்ததென்று நீங்கள் நினைத்தால், இன்னும் உங்கள் வீட்டுக் குளியலறைச் சுவரில் ஓதம் ஏறவில்லை என்று பொருள்.

1960-களில், காவிரிப் பாசன ஊரொன்றில் எங்கள் வீடு எழும்பியபோது, முதலில் வந்து இறங்கியது கிளிஞ்சல். கடலோரத்திலிருந்து மாட்டுவண்டியில் வந்த அந்தக் கிளிஞ்சலைக் கரியோடு அடுக்கிச் சூளை வைத்து, வெந்ததன் மேல் தண்ணீர் விட்டால் அது சீறும், புகையும், கொதித்து உடையும். கிட்டப் போனால் கண் போய்விடும் என்று பாட்டி எங்களைத் திண்ணையிலேயே நிறுத்தி வைத்தாள். அவள் சொன்னதெல்லாம் பிள்ளைகளை மிரட்டத்தான் என்று நம்பியிருந்த நான், பின்னாளில் வேதியியல் பாடத்தில் அதே எச்சரிக்கையை அச்சில் பார்த்துச் சற்று ஏமாந்துதான் போனேன். நீறிய சுண்ணாம்பை மணலோடு சேர்த்து, வட்டமாகக் கட்டிய கால்வாயில் கொட்டி, மாடு பூட்டிய கல்லுருளையைச் சுற்றவிட்டு நாள் முழுக்க அரைப்பார்கள். மாடு சுற்றும், மாட்டுக்காரர் சுற்றுவார், அவர் பின்னால் நாங்கள் சுற்றுவோம். கடுக்காயை இடித்துத் தொட்டியில் ஊறப்போட்டு, அந்தத் தண்ணீரில் வெல்லத்தைக் கரைத்துக் கலவையில் தெளிப்பது அடுத்த கட்டம். வீட்டுக்கென்று வாங்கிய வெல்லத்தில் எங்கள் வாய்க்குள் போனது போக மிச்சம்தான் சுவருக்குப் போயிற்று. அந்தச் சுவர் இன்றுவரை நிற்பதைப் பார்த்தால், சரியான அளவு எதுவென்று எங்களுக்குத்தான் தெரிந்திருக்கிறது.

வெல்லமும் கடுக்காயும் ஊர்ப்புறத்து நம்பிக்கை என்றுதான் கல்லூரிக்குப் போகும்வரை நினைத்திருந்தேன். சர்க்கரைத் தண்ணீரில் சுண்ணாம்பு கூடுதலாகக் கரையும், கலவை குழைவாகும், கடுக்காயின் துவர்ப்பு அதைக் கெட்டிப்படுத்தும் என்பதெல்லாம் தெரிந்தபோதும், சுண்ணாம்புத் தளம் போடுவதற்கான இந்தியத் தரக்குறிப்பிலேயே வெல்லத்தையும் கடுக்காயையும் பார்த்தபோதும், சமையற்கட்டு அலமாரியை யாரோ அரசிதழில் வெளியிட்டுவிட்டது போலிருந்தது. இதில் வேடிக்கை, சுண்ணாம்புக்கு அமுதமான அதே வெல்லம் சிமென்ட்டுக்கு ஆகாது. துளி சர்க்கரை கலந்தாலும் சிமென்ட் இறுகுவது தாமதமாகும், அளவு கூடினால் இறுகாமலே போகும். நம் காலத்துக்கேற்ற பொருள், அதற்கும் சர்க்கரை ஒத்துக்கொள்வதில்லை. கடுக்காய் இப்போது கலவையில் இல்லை. வீடு வாங்குகிறவருக்குக் கொடுப்பது மட்டும் நின்றபாடில்லை.

சுண்ணாம்பையும் செங்கல் பொடியான சுர்க்கியையும் வைத்து 1895-இல் முல்லைப் பெரியாறு அணையையே கட்டி முடித்திருக்கிறார்கள். மெட்ராஸில் 1904-இலேயே கிளிஞ்சலை வைத்துச் சிமென்ட் செய்து பார்த்தார்கள், அது நிலைக்கவில்லை. பிறகு சிமென்ட் வந்தது, ஆனால் வந்தும் கிடைக்கவில்லை. என் தலைமுறைக்காரர்கள் ஒருவரையொருவர் அடையாளம் கண்டுகொள்வது இந்த இடத்தில்தான். மனு எழுதி, வரைபடம் இணைத்து, தாலுகா ஆபீஸில் நின்று, இத்தனை மூட்டை என்று எழுதிய சீட்டை வாங்கி, அந்தச் சீட்டோடு டிப்போவுக்குப் போனால் சரக்கு வரவில்லை என்பார்கள். சரக்கு வந்த அன்று நமக்கு லாரி கிடைக்காது. லாரி கிடைத்த அன்று மழை பெய்யும். சணல் சாக்கில் வந்த சிமென்ட்டை முன்னறையில் பலகை போட்டு, சுவரில் படாமல் அடுக்கி, விருந்தாளிகளைத் திண்ணையில் படுக்கவைத்தோம். காலி சாக்கை உதறி மடித்து வைப்பதற்கு ஒரு அத்தை, அதை எண்ணுவதற்கு இன்னொரு அத்தை. மகாராஷ்டிரத்தில் சிமென்ட் ஒதுக்கீட்டு விவகாரத்தில் ஒரு முதலமைச்சர் 1982 ஜனவரியில் பதவி விலகியபோது எங்கள் தெருவில் யாரும் அதிர்ச்சியடையவில்லை. பத்து மூட்டைக்கு நாங்கள் பட்ட பாட்டில், சிமென்ட்டுக்காக ஒரு பதவி போவது நியாயமான விலையாகத்தான் தெரிந்தது. அடுத்த மாதமே கட்டுப்பாடு பாதி தளர்ந்தது, 1989 மார்ச்சில் முழுவதும் போயிற்று. இப்போது போனில் சொன்னால் வாசலில் இறக்குகிறார்கள். பிளாஸ்டிக் பையில் வருகிறது. அந்தப் பையை எண்ணுவதற்கு எந்த அத்தையும் முன்வருவதில்லை.

அந்தப் பர்மிட் காலத்தின் கடைசியில்தான் நான் சிவில் படித்துவிட்டு ஒரு காண்டிராக்டரிடம் வேலைக்குச் சேர்ந்தேன். அந்தப் பையனை இப்போது தெருவில் பார்த்தால் எனக்குச் சிரிப்பை அடக்க முடியாது. சட்டைப்பையில் இரண்டு பேனா, பாலிஷ் போட்ட ஷூ, கக்கத்தில் காங்கிரீட் விதிகளுக்கான ஐ.எஸ். 456 புத்தகம், அதுவும் 1978-இல் புதிதாகத் திருத்திய பதிப்பு, லிமிட் ஸ்டேட் முறை வந்த பதிப்பு. அதைப் பழைய இஞ்சினியர்கள் படித்திருக்க மாட்டார்கள் என்பதில் அவனுக்கு ஒரு தனி ஆனந்தம். கலவையின் குழைவை அளக்கும், மேலே பத்து, கீழே இருபது, உயரம் முப்பது சென்டிமீட்டர் கொண்ட ஸ்லம்ப் கூம்பைத் தானே தூக்கிக்கொண்டு சாரத்தில் ஏறுவான்.

எங்கள் பெரிய மேஸ்திரிக்கு இந்தக் கூம்பின் மேல் ஒரு கரிசனம். "தம்பி, பொங்கப்பானைய எறக்கிட்டீங்களா?" என்று கேட்பார். அவருடைய சோதனைகள் வேறு. இரண்டு செங்கல்லை மோதிக் காதருகே வைத்துக் கேட்பார், மணிபோல் கேட்டால் சரி, மொட்டென்றால் லாரியைத் திருப்பி அனுப்பு. மார்பு உயரத்திலிருந்து ஒரு கல்லைத் தரையில் போட்டுப் பார்ப்பார். மணலை உள்ளங்கையில் தேய்த்து உதறி, ஒட்டிய மண்ணைப் பார்த்து முகம் சுளிப்பார். சிமென்ட் மூட்டைக்குள் கையை நுழைத்து, குளிர்ச்சி இருக்கிறதா என்று கண்ணை மூடிக்கொள்வார். செங்கல்லிலும் மணலிலும் அவர் சொல்லுக்கு லேபில் மறுப்பு வந்ததில்லை. ஆனால் தண்ணீர் விஷயத்தில் எங்களுக்குள் தீராத வழக்கு. அவர் சுண்ணாம்பில் வளர்ந்தவர். சுண்ணாம்புக்கு எத்தனை தண்ணீர் காட்டினாலும் நல்லது என்று கை பழகியவர். அந்தத் தாராளத்தைக் காங்கிரீட்டுக்கும் காட்டுவார். தண்ணீர் கூடினால் காங்கிரீட்டின் பலம் குறையும் என்று ஏப்ரம்ஸ் 1918-இலேயே கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார் என்று நான் சொல்வேன். "அவரு எந்த ஊரு?" என்பார் மேஸ்திரி. நான் அந்தப் பக்கம் திரும்பினால் இந்தப் பக்கம் ஒரு குடம் உள்ளே போய்விடும். ஆகவே என் இளமையின் பொன்னான பகுதி, கலவை மெஷின் பக்கத்தில் ஒரு தண்ணீர் டிரம்முக்குக் காவல் நிற்பதில் கழிந்தது.

இன்று ரெடிமிக்ஸ் வருகிறது. தண்ணீரைக் கம்ப்யூட்டர் அளக்கிறது, குழைவுக்கு ரசாயனம் சேர்க்கிறார்கள், ஒவ்வொரு வண்டிக்கும் கலவைக் கணக்கு அச்சிட்ட சீட்டு வருகிறது. ராத்திரி பதினொரு மணிக்கு உருளை சுற்றிக்கொண்டே வந்து நிற்கும் அந்த வண்டியைப் போன வருஷம் எங்கள் தெருவில் ஆசையோடு போய்ப் பார்த்தேன். பம்ப்பில் கலவை சற்றுத் தயங்கியது. டிரைவர் இரண்டு பக்கமும் பார்த்தார், ஹோஸைத் திறந்து உருளைக்குள் பீய்ச்சினார். மேஸ்திரியின் வாரிசு உயிரோடுதான் இருக்கிறார் என்று எனக்கு உள்ளூர ஒரு மகிழ்ச்சி.

தளம் போடும் நாளை நினைத்துப் பாருங்கள். விடியற்காலையில் மெஷினுக்குச் சூடம் கொளுத்தி, எலுமிச்சம்பழம் நசுக்கி, சாரத்தின் படிகளில் சித்தாள்கள் வரிசையாக நிற்க, ஜல்லியும் கலவையும் நிறைந்த பாண்டுச் சட்டி கைமாறிக் கைமாறி மேலே போகும், காலிச் சட்டி பறந்து கீழே வரும். மதியம் வீட்டுக்காரர் சாப்பாடு போடவேண்டும். அன்று கஞ்சத்தனம் பண்ணினால் தளம் ஒழுகும் என்று ஒரு சாபம் உண்டு, அந்தச் சாபத்தைப் பரப்பியது யாரென்று சொல்லத் தேவையில்லை. மறுநாள் காலையில் தளத்தின் மேல் சிமென்ட்டால் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவார்கள். காக்கை வந்து குளிக்கும். பையன்கள் கப்பல் விடுவார்கள். காங்கிரீட் இறுகுகிறதென்று பெரியவர்கள் தினமும் மாலையில் மேலேறி அந்த முழங்கால் படாத ஏரியைப் பார்த்துவிட்டுத் திருப்தியோடு இறங்குவார்கள். இப்போது அந்த வேலைக்கு ஒரு பூச்சு வந்திருக்கிறது, தெளித்தால் தண்ணீர் ஆவியாகாமல் காக்கும். காக்கைக்குத்தான் நஷ்டம்.

மணலைச் சொல்லாமல் விட்டால் மனசு ஆறாது. வீடு கட்டும் தெருவில் ஆற்றுமணல் குவியல் என்பது அந்தத் தெருப் பிள்ளைகளுக்கு அரசாங்கம் கொடுத்த கடற்கரை. சாயந்திரம் அதில் கால் புதைத்து உட்கார்ந்தால் உள்ளே ஈரம் குளிர்ச்சியாகப் பிடிக்கும். கிளிஞ்சலும் கூழாங்கல்லும் பொறுக்கலாம். இரவில் வாட்ச்மேன் அதன் மேல் துண்டை விரித்து, சினிமா பார்த்தவர்கள் திரும்பும் வரை கதை சொல்லிக்கொண்டிருப்பார். அந்த ஈரத்தில் ஒரு வியாபாரமும் இருந்தது. ஐந்தாறு சதவீதம் ஈரமுள்ள மணல், துகள்கள் ஒன்றையொன்று தள்ளி நிற்பதால், காய்ந்த மணலைவிடக் கால் பங்கு வரை கூடுதலாக உப்பி நிற்கும். முழுக்க நனைந்தால் மறுபடி பழைய அளவுக்கே அமுங்கும். லாரிக்காரர்கள் இதை எந்தக் கல்லூரியிலும் படிக்கவில்லை, ஆனால் எத்தனை தண்ணீர் தெளித்தால் நூறு கன அடி யூனிட் அழகாகக் குவியும் என்பதில் அவர்களுக்குப் பட்டமே கொடுக்கலாம். அப்படியே ஆற்றை அள்ளி அள்ளி வீடாக்கினோம். ஆறு தீர்ந்தபோது மலையை உடைத்து எம்-சாண்ட், பூச்சுக்குப் பி-சாண்ட். நல்ல சரக்குதான், ஆறு பிழைக்கட்டும் என்று நானே பல கூட்டங்களில் பரிந்து பேசியிருக்கிறேன். ஆனால் அந்தக் கருஞ்சாம்பல் குவியலில் எந்தப் பிள்ளையும் வீடு கட்டி விளையாடுவதில்லை, அதன் மேல் படுத்த வாட்ச்மேனை நான் பார்த்ததில்லை.

மொட்டை மாடிக்கு வருவோம். எங்கள் ஊர் வீட்டில் கட்டைக்குத்து ஒட்டு; இஞ்சினியர்கள் மெட்ராஸ் டெரஸ் என்பார்கள். தேக்குக் கட்டைகளின் மேல் சன்னமான செங்கல்லைக் குத்தாக நிறுத்தி மூலைவாட்டில் அடுக்கி, அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து விரித்து, பெண்கள் வரிசையாகக் குந்தியிருந்து மரக்கட்டையால் தட்டுவார்கள். தட்டியபடியே பாடுவார்கள். கூலியை இழுத்தடிக்கும் வீட்டுக்காரர் முதலடியில் புகழப்பட்டு இரண்டாமடியில் கிழிக்கப்படுவார்; அப்பா கீழே நின்று முதலடியை மட்டும் கேட்டதாகக் காட்டிக்கொள்வார். எவ்வளவு நேரம் தட்ட வேண்டும் என்பதற்குக் கடிகாரம் இல்லை. கட்டை பதியாமல் எகிற வேண்டும், அதுதான் கணக்கு, அது நாட்கணக்கில் ஆகும். அதன் மேல் தட்டோடு பதித்துச் சந்து பூசினால், வெயிலில் சுட்டு, இரவில் ஆறி, பாயில்லாமலே படுக்கத் தகுந்த மாடி. இப்போது ரோலரில் வெள்ளை ரசாயனம், அதன்மேல் பளபளக்கும் கூலிங் டைல்ஸ். ஒரு நாளில் முடிகிறது, வீடு நிஜமாகவே குளிர்கிறது. ஆனால் பகலில் ஏறினால் கண் கூசுகிறது, மழையில் ஏறினால் இடுப்பு முறிகிறது. ஏறுவதற்கு என்ன இருக்கிறது என்கிறார்கள் பிள்ளைகள், நியாயம்தான், மேலே இருப்பது டிஷ் ஆன்டெனாவும் தண்ணீர்த் தொட்டியும்.

எல்லாவற்றையும் விட எனக்கு ஏக்கம் தருவது வாட்டம். தரையோ மாடியோ, எங்கள் மேஸ்திரி ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டு பீடி பற்றவைப்பார். பீடி முடிவதற்குள் தண்ணீர் தானாகத் தூம்புக்குப் போய்ச் சேரவேண்டும். நான்கு அங்குலக் குழாய்க்கு நாற்பதுக்கு ஒன்று, ஆறு அங்குலத்துக்கு அறுபதுக்கு ஒன்று என்று மகுவயர் விதியை நான் ஒப்பிப்பேன்; அங்குலத்தைப் பத்தால் பெருக்கினால் போதும் என்ற அந்தச் சுலபம் அவருக்கே பிடித்திருந்தது. சாய்வு குறைந்தால் கசடு தங்கும், குழாய் அடைக்கும். மட்டம் பார்க்க நீள டியூப்பில் தண்ணீர் நிரப்பி, ஒருவன் இந்தக் கோடியிலும் இன்னொருவன் அந்தக் கோடியிலும் நின்று, "நில்லு நில்லு, தாவுது" என்று கத்திக்கொள்வதே ஒரு திருவிழா. இன்று லேசர் பச்சைக் கோடு போடுகிறது, மயிரிழை பிசகாமல் டைல்ஸ் பதிக்கிறார்கள், பிசகாத காரணத்தாலேயே குளியலறைத் தண்ணீர், தான் வடிய வேண்டிய நஹானி ட்ராப் இருக்கும் திசை தெரியாமல் நடுவில் நிற்கிறது. அதைத் தள்ளுவதற்கு வைப்பர் என்று ஒரு கருவி வந்திருக்கிறது. வாளித் தண்ணீர் செய்த வேலையை நான் குளித்து முடித்துக் குனிந்து செய்கிறேன். உடற்பயிற்சிக்கு நல்லது என்கிறார் டாக்டர்.

வீட்டுக்குள் இப்படியென்றால் வெளியே கேட்கவே வேண்டாம். சென்னையில் பழைய வீடுகளுக்குத் தெருவிலிருந்து படியேறிப் போவோம். பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதிய தார் போட்டுப் போட்டு, தெரு மெல்ல மெல்ல உயர்ந்து, ஏறிய படிகள் காணாமல் போய், இப்போது பல வீடுகளுக்கு இறங்கிப் போகிறோம். அதற்கும் வழி கண்டுபிடித்துவிட்டார்கள்: ஹரியானாவிலிருந்து ஆட்கள் வந்து, அஸ்திவாரத்துக்கு மேல் சுவரை அறுத்து, வரிசையாக ஜாக்கி வைத்து, அங்குலம் அங்குலமாக வீட்டையே தூக்குகிறார்கள். என் நண்பரின் வீட்டைத் தூக்கியபோது போய் நின்றேன். பூஜை அறையில் விளக்கு எரிந்துகொண்டிருக்க, வீடு விமானம்போல் எழுந்தது. அடுத்த வருஷம் மாநகராட்சி சாலை போட்டது.

2003-இல் வீட்டுக்கு வீடு மழைநீர் சேகரிப்பைச் சட்டம் கட்டாயமாக்கியபோது, ஜல்லியும் மணலும் நிரப்பிய குழிகள் ஊரெங்கும் தோன்றின. கிணறுகளில் நீர் ஏறியதை நானே பார்த்துச் சிலிர்த்தேன். பிறகு அவற்றைத் தூர்வாரும் கட்டாயம் யாருக்கும் இல்லாமல் பல குழிகள் தொட்டிச் செடிகளுக்குப் பீடமாகிவிட்டன. 2015 டிசம்பரில் ஊரே மூழ்கியது, 2019 கோடையில் ஏரிகள் வறண்டு லாரித் தண்ணீருக்குக் குடம் வரிசை கட்டியது. நான்கே வருஷத்தில் தண்ணீரைப் போகச் சொல்லியும் வரச் சொல்லியும் கெஞ்சினோம். புதிய கட்டடங்களில் சுவருக்கு வைக்கும் ஏ.ஏ.சி. பிளாக் தண்ணீரில் போட்டால் மிதக்கிறது. தொலைநோக்கோடுதான் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

இதையெல்லாம் கூட்டிக் கழித்துப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. காத்திருக்கும் காலத்தில் யாரும் ஒரு நாளைக்கூடக் குறைத்துவிடவில்லை. அன்று குடிபோவதற்கு முன்னால் காத்திருந்தோம், இன்று குடிபோன பின்னால் காத்திருக்கிறோம். என் அடுக்ககத்தில் மேல்வீட்டுக் குளியலறை என் கூடத்து மூலையில் ஒரு பழுப்பு வட்டமாக இறங்கியிருக்கிறது. மேல்வீட்டுக்காரர் அது குழாய் என்கிறார், பிளம்பர் அது டைல்ஸ் சந்து என்கிறார், கட்டியவர் அது பராமரிப்பு என்கிறார், சங்கம் அதை அடுத்த கூட்டத்தில் வைப்பதாகச் சொல்கிறது. நான் பெரிய மேஸ்திரியைப்போல் விரலால் தடவி, முகர்ந்து, இது வாட்டம் இல்லாத வேலை என்றேன். ஒருவரும் என்னை எந்த ஊர் என்றுகூடக் கேட்கவில்லை.

கடைசியில் கையடக்கத் திரையும் ஈரம் காட்டும் கருவியுமாக ஓர் இளைஞர் வந்தார். பாலிஷ் போட்ட ஷூ, பையில் இரண்டு பேனா. எனக்கு அவரை உடனே பிடித்துப்போயிற்று. மேல்வீட்டில் ஊசி வழியாக ரசாயனம் செலுத்தி, இரண்டே நாளில் முடித்து, ஏழு வருஷ உத்தரவாதச் சீட்டும் கொடுத்தார். பழைய பழக்கம், சீட்டின் பின்பக்கம் இருந்த பொடி எழுத்துகளைக் கண்ணாடி போட்டுப் படித்தேன். மூன்றாவது நிபந்தனை: பூச்சு போட்ட இடத்தில் தண்ணீர் தேங்கினால் இந்த உத்தரவாதம் செல்லாது. "தம்பி, தண்ணி படாம இருந்தா நான் எதுக்கு உங்களக் கூப்பிடப் போறேன்?" என்றேன். "எல்லாக் கம்பெனியும் அப்படித்தான் சார் போடுறாங்க" என்றார் மரியாதையாக. உங்கள் வீட்டுச் சீட்டையும் ஒருமுறை திருப்பிப் பாருங்கள். நிபந்தனை எண் வேண்டுமானால் மாறியிருக்கலாம்.